சதகுப்பை கீரைல புள்ளி விழுதா? சூடோமோனாஸ் பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

ஓசூர்ல இருக்குறவங்களுக்கு சதகுப்பை கீரைய (இங்கிலீஷ்ல டில்) பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல, சந்தைல கன்னடத்துல சப்சிகேன்னு கேட்டாலும் கட்டு எடுத்து நீட்டுவாங்க. மாடில அத வளக்குறவங்க எல்லாரும் ஒருதடவையாவது படுற அவஸ்தை என்னன்னா, பச்சைப் பசேல்னு நிக்கிற கீரை மழை புடிச்ச ஒரு வாரத்துலயே அடிலேருந்து பழுத்துட்டு வரும், தண்டுல கறுப்பு கறுப்பா ஏதோ வரும், அப்புறம் நுனி வரைக்கும் காஞ்சிடும். இதுக்கு எந்த உரக்கடைல போய் நின்னாலும் முதல்ல கைல குடுக்குறது சூடோமோனாஸ் பவுடர்தான். "அக்கா, இத அடிங்க, எந்தப் புள்ளியா இருந்தாலும் ரெண்டே நாள்ல போயிடும்"னு எங்க ஏரியா கடைக்காரர் சொல்லித்தான் குடுத்தாரு. அதனால இந்த ரிவ்யூ. எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா எல்லா பாக்கெட்லயும் சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், டால்க் பவுடர்ல கலந்த சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் பாக்டீரியா.

மார்க்க முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3. வந்த புள்ளிய இது போக்காது. வராம தடுக்கும், அதுவும் நம்ம பக்கம் சரியா இருந்தாத்தான். ஆன்லைன்ல இதுக்கு ஒரு ஸ்டார் குடுத்தவங்கள்ல பாதிப் பேர் காஞ்சுபோன இலை மேல அடிச்சுட்டு ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருக்காங்க, அஞ்சு ஸ்டார் குடுத்தவங்க பாதிப் பேருக்கு மழை நின்னதால நோயும் தானா நின்னிருக்கும்.

இது வேலை செய்யுற விதமே வேற. இந்த பாக்டீரியா வேர்லயும் இலை மேலயும் குடியேறி, மண்ணுல இருக்குற இரும்புச் சத்த பூஞ்சைக்கு கிடைக்க விடாம தானே இழுத்துக்கும், பூஞ்சைக்கு ஆகாத சில பொருளையும் சுரக்கும், செடியோட எதிர்ப்பு சக்தியையும் கொஞ்சம் உசுப்பி விடும். இதெல்லாம் பூஞ்சை உள்ள பூர்றதுக்கு முன்னாடி நடக்கணும். இலைக்குள்ள போய் திசுவ சாகடிச்ச பிறகு மேல எத தெளிச்சாலும் செத்த இடம் பச்சையாகாது, எந்த மருந்துக்கும் அதே கதைதான்.

அதவிட முக்கியமானது, உங்க செடில இருக்குறது பூஞ்சைப் புள்ளிதானான்னு பாக்கணும். சதகுப்பை இலை நூல் நூலா இருக்குறதால தக்காளி, வெண்டைல வர்ற மாதிரி வட்டமா அழகா புள்ளி தெரியாது. நூல்ல அங்கங்க பழுப்பா சின்ன கோடு விழும், அதுக்கு மேல இருக்குற நுனி சேர்ந்து காயும். தண்டுலயும் இலைக் காம்புலயும் கருஞ்சாம்பல் நிறத்துல நீள வாக்குல பொடிப் பொடியா மேடு தட்டும். நகைக் கடைக்காரங்க வச்சிருக்குற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, அதுல பாத்தா அந்த மேடு மேல குட்டிக் குட்டி முடிக் கொத்து மாதிரி தெரியும். அது பாசலோராங்குற பூஞ்சை, இலைப்புள்ளி உண்டாக்குற செர்கோஸ்போரா வகையறா, சோம்புச் செடிக்கும் வரும். எப்பவும் அடி இலைல ஆரம்பிச்சு மேல ஏறும்.

சந்தேகமா இருந்தா ஒரு சின்ன சோதனை பண்ணலாம். புள்ளி விழுந்த தண்ட கிள்ளி, ஈர டிஷ்யூ விரிச்ச டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி, வெயில் படாத இடத்துல ரெண்டு நாள் வைங்க. பூஞ்சையா இருந்தா புள்ளி மேலயே சாம்பல் பஞ்சு முளைக்க வாய்ப்பு அதிகம். பஞ்சு வராம தண்டு கொழகொழன்னு ஆயிட்டா பாக்டீரியாவா இருக்கலாம், அந்தப் புள்ளி செடில இருக்கும்போதே தண்ணி ஊறின மாதிரி கண்ணாடியா இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சா தெரியும். இது லேப் டெஸ்ட் இல்ல, ஆனா கடைக்காரர் கண்ணால பாக்காமலே சொல்ற வைத்தியத்துக்கு இது எவ்வளவோ மேல்.

நிறைய பேர் நோய்னு நினைக்குறது நோயே இல்ல. கறுப்பா மசி பூசின மாதிரி இருந்து ஈரத் துணில தொடச்சா வந்துடுச்சுன்னா அது அசுவினிங்குற சாறு உறிஞ்சுற பூச்சி விட்ட தேன் மாதிரி பிசின் மேல வளர்ற கரும்பூசணம், எறும்பு ஏறி இறங்குதான்னு பாருங்க, அசுவினிய ஒழிச்சா அதுவும் போயிடும், சூடோமோனாஸுக்கு அங்க வேலையே இல்ல, தண்ணிய பீச்சி அடிச்சுட்டு வேப்ப எண்ணெய் போதும். எல்லா நுனியும் ஒரே மாதிரி காஞ்சு, புள்ளியே இல்லன்னா உரம் தூக்கலா போயிருக்கும், இல்ல செடி வச்ச பை காஞ்சு காஞ்சு நனைஞ்சிருக்கும். சதகுப்பைக்கு ஆணிவேர், ஒரு அடி ஆழம் இல்லாத தொட்டில போட்டுட்டு நுனி கருகுதுன்னு மருந்து தேடுறவங்கள நிறைய பாத்துட்டேன். வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்து விரல்ல ஒட்டுச்சுன்னா சாம்பல் நோய், அது பகல் காய்ச்சலும் ராத்திரி குளிருமா இருக்குற நாள்ல வரும், மழைல வர்ற புள்ளியோட சேத்துக்காதீங்க.

இங்கதான் இந்தப் பவுடரோட ஒரு தொல்லையும் வருது. டால்க் கலந்ததால அடிச்சு காஞ்சதும் இலை மேல வெள்ளைத் திட்டு நிக்கும், நூல் இலைல துளி துளியா நுனில போய் உக்காந்துக்கும், மறுநாள் பாக்குறவங்க சாம்பல் நோய் வந்துடுச்சுன்னு பதறிடுவாங்க. வித்தியாசம் சுலபம்தான், தொடச்சு விட்டா டால்க் திரும்ப வராது, சாம்பல் நோய் நாலஞ்சு நாள்ல அதே இடத்துல திரும்ப பூக்கும். கீரையா சாப்பிடுற செடிங்குறதால கழுவுறதும் பெரிய வேலை, கொத்து கொத்தா தண்ணில அலசி எடுக்கணும். அதுக்கு அரை மார்க் குறைச்சேன்.

இன்னொரு அரை மார்க் ஸ்ப்ரேயருக்கு. கரைச்ச தண்ணிய வேட்டித் துணில வடிகட்டாம ஊத்தினா நாசில் அடைச்சுக்கும், அடிக்கும்போதும் குலுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பவுடர் அடில தங்கிடும். சதகுப்பை இலைல மெழுகுப் பூச்சு இருக்குறதால தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிடும், வடிச்ச கஞ்சி கொஞ்சம் சேத்தா ஒட்டும்.

மீதி ஒரு மார்க் பாக்கெட் மேல எழுதியிருக்குற வாய்ப்பந்தலுக்கு. எல்லாப் பயிர், எல்லா நோய், எல்லா சீசன்னு போட்டிருக்கு. அத விட்டுட்டு பின்னாடி பொடி எழுத்துல இருக்குறத படிங்க. 1 சதவீத பவுடர்னா கிராமுக்கு குறைஞ்சது 10 கோடி உயிரணு இருக்கணும், சி.எஃப்.யூன்னு எழுதியிருக்கும். தயாரிச்ச தேதி பாருங்க, இது உயிரோட இருக்குற சரக்கு, நாளாக நாளாக எண்ணிக்கை கொறஞ்சுட்டே வரும். நான் வாங்கின கடைல வாசல் வெயில்ல, யூரியா மூட்டை மேல அடுக்கி வச்சிருந்தாங்க, அந்த பாக்கெட்ல என்ன உயிர் மிச்சம் இருந்திருக்கும்னு அந்தக் கடைக்காரருக்கே வெளிச்சம். அடுத்து வாங்கினது புது சரக்கு, நிழல்ல இருந்தது, அதுல வித்தியாசம் தெரிஞ்சுது. கோயம்புத்தூர்ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பயிர் நோயியல் துறையிலயே விக்கிறாங்க, அந்தப் பக்கம் போறவங்க அங்க வாங்குறது நல்லது, பிஎஃப் 1ங்குற சூடோமோனாஸ் ரகத்த இந்த ஊருக்கெல்லாம் பரப்புனதே அவங்கதான்.

அளவு விஷயத்துல பல்கலைக்கழகம் நெல்லுக்கு சொல்றது விதைக்கு கிலோவுக்கு 10 கிராம், இலைல தெளிக்க 0.2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். வீட்டுத் தோட்டத்துக்குன்னு விக்கிற பாக்கெட்ல லிட்டருக்கு 5லேருந்து 10 கிராம்னு போட்டிருப்பாங்க. அதிகமா போட்டா செடிக்கு ஒண்ணும் ஆகாது, வெள்ளைத் திட்டுதான் கூடும். எனக்கு இதோட உண்மையான பலன் தெரிஞ்சது தெளிச்சதுல இல்ல, விதைல கலந்ததுலயும் மண்ணுல எருவோட போட்டதுலயும்தான். நாட்டு மருந்துக் கடைல வாங்கின சதகுப்பைய விதைக்கிறவங்க இத கண்டிப்பா பண்ணணும், நோய் விதை வழியாவும் வரும், அங்க இருக்குறது சமையலுக்கும் மருந்துக்கும் வந்த சரக்கு, யாரும் நோயில்லாத விதையான்னு பாத்து வச்சதில்ல.

தெளிக்கிற நேரத்துல ஒரு சிக்கல் இருக்கு, பாக்கெட்ல இத சொல்லல. சாயங்காலம் அடிங்கன்னு போட்டிருக்கு, வெயில் பட்டா பாக்டீரியா செத்துடும், அது சரி. ஆனா ஏழு மணிக்கு மேல அடிச்சு ராத்திரி முழுக்க இலை நனைஞ்சே இருந்தா அதே ஈரம்தான் புள்ளிப் பூஞ்சைக்கு விருந்து. அதனால நாலு மணி வாக்குல, காத்து வீசுற நாளா பாத்து அடிங்க, இருட்டுறதுக்குள்ள இலை உலந்துடணும். குழாய்த் தண்ணில குளோரின் இருந்தா முந்தின ராத்திரியே பக்கெட்ல புடிச்சு திறந்து வைங்க.

கடைல கூடவே ஒரு காப்பர் ஆக்ஸி குளோரைடு பாக்கெட்டும் தள்ளி விடுவாங்க, ரெண்டையும் கலந்து அடிங்க பவரா இருக்கும்னு. கலக்காதீங்க. காப்பர் பூஞ்சையோட பாக்டீரியாவையும் கொல்லும், காசு குடுத்து வாங்கின பாக்டீரியாவ நம்ம கையாலயே சாகடிச்ச கணக்குதான். ஒரு வாரம் பத்து நாளாவது இடைவெளி வேணும். அதுவுமில்லாம அந்த பாக்கெட்ல எந்தெந்தப் பயிருக்கு, அடிச்சு எத்தன நாள் கழிச்சு அறுக்கலாம்னு எழுதியிருக்கும், அதுல கீரை இருக்கான்னு பாருங்க. நேத்து அடிச்சு இன்னைக்கு கிள்ளி பருப்புல போடுற செடிக்கு மான்கோசெப், காப்பர் மாதிரி பூஞ்சைக் கொல்லியெல்லாம் எதுக்கு, அந்த ரேட்டுக்கு செடிய புடுங்கிட்டு புதுசா விதைச்சா நாப்பது அம்பது நாள்ல கீரை வந்துடும்.

சரி, பவுடர் இல்லாம என்ன பண்ணலாம்னு கேட்டா, என் அனுபவத்துல நோய்ல பெரும்பங்கு குறைஞ்சது தண்ணி ஊத்துற விதத்துலதான். மேலேருந்து ஷவர் மாதிரி ஊத்தினா மண்ணு தெறிச்சு பழைய இலைல இருக்குற பூஞ்சை வித்து அடி இலைக்கு ஏறும். காலைல, தூர்ல மட்டும் ஊத்துங்க. மண்ணு மேல தேங்கா நாரோ காஞ்ச இலையோ போட்டா மழைலயும் தெறிக்காது. விதைய கைப்பிடி கைப்பிடியா தூவி புதரா விடாம, முளைச்சதும் ஒரு சாண் இடைவெளி விட்டு கலைச்சு விடுங்க, புடுங்குற குட்டிச் செடி அரிசி மாவுல தட்டுற அக்கி ரொட்டிக்கு அவ்வளவு நல்லா இருக்கும், வீணாகாது. புள்ளி விழுந்த அடி இலைய ஈரமில்லாத நேரத்துல கிள்ளி குப்பைல போடுங்க, கம்போஸ்ட்ல வேண்டாம், வீட்டு கம்போஸ்ட் அந்தளவுக்கு சூடாகாது.

அதே பைல மறுபடி சதகுப்பையோ, அதுக்கு பதிலா கொத்தமல்லியோ போடுறதும் வேண்டாம், கொத்தமல்லி, கேரட், சோம்பு, ஓமம் எல்லாம் ஒரே குடும்பம். ஓமவல்லின்னு சொல்ற கற்பூரவல்லி மட்டும் வேற, அது துளசி சொந்தம், பயப்படாம பக்கத்துல வைக்கலாம். வெண்டை, தட்டைப்பயறுன்னு மாத்திப் போட்டுட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அந்த மண்ணுக்கு திரும்ப வரலாம், பை கம்மியா இருக்குறவங்க மண்ணையாவது மாத்துங்க.

யாருக்கு இந்த பாக்கெட் தேவைன்னா, அடுத்த விதைப்புக்கு தயாராகுறவங்களுக்கு, அதுவும் மழைக்கு முன்னாடி. கால் கிலோ பாக்கெட் கிடைச்சா அதையே வாங்குங்க, நாலஞ்சு பைக்கு ஒரு கிலோ ரொம்ப ஜாஸ்தி, மிச்சம் அலமாரில கெடந்து செத்துப்போகும். இப்ப புள்ளியோட நிக்கிற செடிய காப்பாத்த வாங்குறதா இருந்தா வேண்டாம், நல்ல இலைய அறுத்து சமைச்சுட்டு மீதிய புடுங்கிடுங்க.