பழைய பெடலுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பெஞ்ச்: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

கிடார் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல்களில், தயாரிப்பு நின்றுபோன கோரஸ், டிலே ரகங்களைக் கொண்டுபோனால், "இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல சார்" என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள். அப்புறம் சென்னையில் மிச்சமிருப்பது எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டின் மாடிப்படி ரிப்பேர் பெஞ்சுகள்தான். சாதாரண வேலைக்கு 5க்கு 4 தரலாம். அரிய ஐசி மாற்றும் வேலைக்கு 2 தருவதே தாராளம்.

இவர்கள் கை தேர்ந்தது பவர் பகுதியில். வீட்டு ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பெடல்களுக்கோ பொதுவாக 9 வோல்ட், நடுமுனை மைனஸ். மாற்றிச் செருகியதும் உள்ளே சப்ளைக்குக் குறுக்கே இருக்கும் காப்பு டயோடு ஷார்ட் ஆகி, பெடல் செத்ததுபோல் கிடக்கும். மீட்டரை டயோடு மோடில் வைத்துப் பாருங்கள். சுமார் 0.6க்குப் பதில் இரு பக்கமும் பூஜ்யம் காட்டினால், ஓரிரு ரூபாய் 1என்4007 போட்டாலே உயிர் வந்துவிட வாய்ப்பு அதிகம். இதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், "போர்டே போச்சு" என்ற பேச்சுக்கு மசிய வேண்டியதில்லை.

1979இல் வந்த பாஸ் சிஇ-2 கோரஸ் பெடல் போன்றவற்றின் பழைய பிரதிகளில் அடாப்டர் ஓட்டைக்குப் பக்கத்தில் 'ஏசிஏ' என்று இருக்கும். அவை 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தவை. உள்ளே ஒரு ரெசிஸ்டரும் டயோடும் வோல்டேஜைக் குறைக்கும். இன்றைய 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் எல்இடி மங்கும், ஒலி நசுங்கும். பேட்டரியில் சரியாக ஓடினால் பெடலில் கோளாறே இல்லை. பெஞ்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கரகரக்கும் கன்ட்ரோல், பச்சை பூத்த ஜாக் எல்லாம் நம்ம ஊர் கடற்காற்றின் கைங்கர்யம். கான்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொல்லுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், தூசி ஒட்டி மறுபடி கரகரக்கும். காய்ந்த கெபாசிட்டர்களுக்கு 105 டிகிரி, 25 வோல்ட் ரகம் கேளுங்கள். உயரமும் முக்கியம், கூடிப்போனால் பெடலின் அடித்தகடு மூடாது. பழைய ஒற்றைப் பக்க போர்டில் 60 வாட் சால்டரிங் அயனை வைத்தால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். 25 வாட் போதும்.

சறுக்கல் ஆரம்பிப்பது எஃப்இடி என்ற டிரான்சிஸ்டர் வகையில். எஃபெக்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சிங்குக்கு இருக்கும் 2எஸ்கே30ஏ கிடைக்காது என்றதும், கல்லூரி லேபுக்கு விற்கும் பிஎஃப்டபிள்யூ10ஐ எடுத்து நீட்டுவார்கள். அது முழுசாக அணைய 8 வோல்ட் வரை கேட்கலாம். 9 வோல்ட் பெடலில் அதை இயக்கும் 'கேட்' காலுக்குக் கிடைப்பதோ அந்த ஒன்பதில் பாதி. விளைவு, எஃபெக்டை அணைத்து பைபாஸில் போட்டாலும் எஃபெக்ட் கசியும். ஜே113 கேட்டு வாங்குங்கள். 2எஸ்கே30ஏவில் கேட் நடுக்காலில், ஜே113இல் ஓரக்காலில். காலை வளைத்துத்தான் போட வேண்டும்.

இனி எம்என்3007. தீயணைக்க வரிசையில் நின்று குடத்தைக் கை மாற்றுகிற மாதிரி, சிக்னலை 1024 படிகளில் கடத்தித் தாமதப்படுத்தும் ஐசி. படிகளை நகர்த்தும் துடிப்பான கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் 5.12 மில்லிசெகண்ட். கோரஸ் சத்தம் போனதும் இதைத்தான் எல்லோரும் முதலில் பிடுங்குகிறார்கள். அது தப்பு. முதலில் அளக்க வேண்டும். 1, 5 கால்களுக்கு இடையே முழு சப்ளை இருக்கிறதா? 2, 6ஆம் கால்களில் டிசி மீட்டர் சப்ளையில் ஏறத்தாழ பாதியைக் காட்டுகிறதா? காட்டாவிட்டால் சந்தேகம் எம்என்3101 கிளாக் ஐசி மேல். எம்என்3007இன் 1ஆம், 4ஆம் கால்களுக்கு இடையே சப்ளையில் 15இல் 14 பங்கு, 9 வோல்ட்டுக்கு 8.4, வர வேண்டும். இத்தனையும் சரியாக இருந்து, 3ஆம் காலில் நுழையும் ஒலி 7, 8இல் வரவில்லை, ஐசிக்குள் போகும் டிசி அளவைச் சரிசெய்யும் பயஸ் ட்ரிம்மரைத் திருப்பியும் பலனில்லை என்றால்தான் ஐசி போயிருக்கிறது.

"3007 இல்ல, 3207 இருக்கு, போட்டுப் பாக்கலாமா சார்?" என்பார்கள். கூடவே கூடாது! கால் வரிசை ஒன்றுபோல் தெரிந்தாலும் 3007 பி-சானல், 3207 என்-சானல். பிளஸ் சப்ளை பெடல்களில் 3007இன் 1ஆம் காலுக்குத்தான் பிளஸ் வரும். 3207இல் அது கிரவுண்டு. போட்ட நிமிஷமே சப்ளை தலைகீழாகிவிடும். உங்கள் பெடலில் இருந்ததே 3207 என்றால் கவலை விடுங்கள், வி3207, பிஎல்3207 எனப் புதிய தயாரிப்புகள் உண்டு.

ஒரிஜினல் என்று தரும் 3007ஐ அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேயுங்கள். எழுத்து கலைந்து அடியில் சொரசொரப்பு தெரிந்தால் மறு அச்சடித்த சரக்கு. தேய்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸில் ஒலியைக் கணக்கிடும் சிப்பான டிஎஸ்பி போயிருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆட்டோ காசு வீண். அதே மாடலில் இன்னொரு செத்த பெட்டி கிடைத்தால்தான் வழி. யமஹா எஸ்பிஎக்ஸ்90 மாதிரி ரேக் எஃபெக்ட் பெட்டிகளில் நினைவு அழிகிறது என்றால் மட்டும் தயங்காமல் கொடுக்கலாம், காரணம் உள்ளே பற்றவைத்த 3 வோல்ட் லித்தியம் செல். செட்டிங்கை முன்பே நோட்டில் எழுதிவிட்டு, ஹோல்டர் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடப்பதே லேசு. சர்க்யூட் படத்தைப் பிரிண்ட் எடுத்துப் போங்கள், ஐசி மாற்றினால் 8 கால் சாக்கெட் வைக்கச் சொல்லுங்கள், கழற்றிய பார்ட்ஸை ஒன்றுவிடாமல் கவரில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.