நாக்கு வழிப்பதா, வாய் கொப்பளிப்பதா?

உதவாத பொருளைப் பார்த்து, 'இதை வைத்து நாக்கு வழிக்கவா?' என்று கேட்பது நம் வழக்கம். வாய் நாற்றம் என்று வந்துவிட்டால், என் முதல் ஓட்டு அந்த நாக்கு வழிக்கும் தகட்டுக்குத்தான்.

நாற்றம் பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவதில்லை. நாக்கின் பின்பாதியில் படியும் வெள்ளை மாவில் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். தூக்கத்தில் உமிழ்நீர் வற்றுவதால் விடியற்காலையில் அது உச்சத்தில் இருக்கும்.

தகடு இந்த மாவையே வாரி எடுத்துவிடுகிறது. பிரஷ்ஷால் தேய்ப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேலை செய்கிறது. ஆனால் பலர் நுனியை மட்டும் வழித்துவிட்டு, 'ஓங்கரிக்கிறது' என்று நிறுத்திவிடுகிறார்கள். நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி பின்னிருந்து முன்னால் மெதுவாக இழுத்தால் குமட்டல் குறையும். மூன்று நான்கு முறை போதும். ரத்தம் வரும்வரை சுரண்டுவது வீரமல்ல. ஸ்டீலா செம்பா என்றால், புளி போட்டுத் துலக்கப் பொறுமை உள்ளவர்கள் செம்பு வாங்கலாம். எது வாங்கினாலும் மாவு மறுபடி படியும்; தினமும் வழிக்க வேண்டும்.

மவுத்வாஷில் எல்லாம் ஒன்றல்ல. வெறும் புதினா வாசனை உள்ளது நாற்றத்துக்குப் போர்வை போர்த்துகிறது, அவ்வளவுதான். ஆல்கஹால் கலந்தது சிலருக்கு வாயை உலர்த்தும். துத்தநாகம் சேர்ந்தது கந்தகத்தையே கட்டிப்போடும். அன்றாடத்துக்கு என் தேர்வு அது. குளோர்ஹெக்சிடின் வலிமையான மருந்து, ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். இரண்டு வாரத்துக்கென்று எழுதிக் கொடுத்ததை நான் இரண்டு மாதம் இழுத்தேன். பல்லில் காப்பிக் கறை போலப் பழுப்பு ஏறியது. ரசத்தில் உப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. பற்பசையின் நுரை இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால், பல் துலக்கிய உடனே கொப்பளிக்காமல் அரைமணி நேரம் விடுவது நல்லது.

வழித்த பிறகு கொப்பளித்தால் பலன் உண்டு. வழிக்காமல் கொப்பளிப்பது, குப்பையை அள்ளாமல் பினாயில் தெளிப்பது போல.

ஈறில் ரத்தம் கசிந்தாலோ, பல்லில் சொத்தை இருந்தாலோ, இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள். ஈறுக்கடியில் சேர்ந்த காரையைத் தகடும் தொடாது, மருந்தும் கரைக்காது.