ஆல்டோ ஒன்றா, கூடவே கிளாரினெட்டும் ஃப்ளூட்டுமா? சென்னையில் நீண்ட நாள் வாசித்துப் பார்த்ததில் தெரிந்தவை

கர்னாடக சங்கீதம்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஆல்டோ சாக்ஸபோனை விட்டு நகராதீர்கள். மெல்லிசைக் கச்சேரி, சர்ச், ரெக்கார்டிங் என்று பிழைப்பு இருந்தால் இரண்டாவது வாத்தியம் வேண்டும். அது கிளாரினெட்டாக இருக்கட்டும். டெனர் சாக்ஸபோனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆல்டோவுக்கும் அதற்கும் விரல் பிடிப்பு ஒன்றேதான். வெஸ்டர்ன் ஃப்ளூட்டுக்கு அவசரமில்லை. பெரும்பாலான மெல்லிசைக் குழுக்களில் புல்லாங்குழல்காரர் ஏற்கெனவே இருப்பார்.

ஆல்டோவிலேயே நிற்கச் சொல்வதற்குக் காரணம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. நாகஸ்வரத்தில் விரலைப் பாதி நகர்த்தித் துளையை அரைகுறையாக மூடலாம். சாக்ஸில் விரலுக்கும் துளைக்கும் நடுவே கீயும், துளையை மூடும் மெத்தையான பேடும் நிற்கின்றன. அதனால் தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாதி விரலும் பாதி தாடையுமாகத்தான் அசைக்க வேண்டும். தாடையைத் தளர்த்தினால் சுருதி நன்றாகக் கீழே இறங்கும். இறுக்கினால் கொஞ்சம்தான் ஏறும். ஆகவே மேல் ஸ்வரத்தைப் பிடித்துக் கீழே இழுப்பதுதான் வழி. மேல் ஸ்தாயியில் தாடைக்கே ஸ்வரம் வளைந்து கொடுக்கும். மந்திர (கீழ்) ஸ்தாயியில் கொடுக்காது, அங்கே கீயை மிக மெதுவாக எடுத்து மூடிப் பழக வேண்டும். சாக்ஸில் கர்னாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் கீ அமைப்பிலேயே மாற்றம் செய்துகொண்டு ஆல்டோவிலேயே ஆயுசு முழுக்க உழைத்தது இதற்காகத்தான்.

இந்தத் தாடைக் கணக்கை டெனர் சத்தமில்லாமல் கலைத்துவிடும். வாயில் வைக்கும் மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதிப் பாருங்கள்: ஆல்டோவில் 6 கட்டைச் சுருதி, டெனரில் 5 கட்டை வந்தால் உதடு சரியாக இருக்கிறது. கிளாரினெட்டில் மவுத்பீஸையும் அதை ஒட்டிய குட்டைக் குழாயான பேரலையும் சேர்த்து ஊதினால் 4½ கட்டை. சில நாள் டெனரிலேயே இருந்துவிட்டு ஆல்டோவுக்குத் திரும்பினால் தாடை தளர்ந்து, ஆல்டோ மவுத்பீஸ் 6 கட்டைக்குக் கீழே நிற்கும். அந்த நிலையில் கமகம் வாசித்தால் ஸ்வரம் போக வேண்டிய இடத்தைத் தாண்டி விழும். சாதகத்தைத் தொடங்குமுன் ட்யூனரை வைத்து இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கிளாரினெட்டில் சிக்கல் வேறு. சாக்ஸில் ஆக்டேவ் கீயை அழுத்தினால் ஸ, மேல் ஸ ஆகிறது. கிளாரினெட்டில் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஸ, மேல் ஸ்தாயி ப ஆகிறது. இடது கை மூன்று விரலை மூடினால் சாக்ஸில் இரண்டு ஸ்தாயியிலும் மேற்கத்திய ஸ்வரம் ஜி; கிளாரினெட்டில் கீழே சி, மேலே ஜி. மேல் பகுதி பழகிய இடமாகத் தோன்றும், கீழ்ப் பகுதியைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். இதில் விரல்தான் துளையை மூடுகிறது. சாக்ஸ் பழக்கத்தில் விரல் நுனி ஒரு நூல் விலகினாலும் காற்று கசிந்து கீச்சிடும். கீச்சிட்டதும் பலர் ரீடை (மவுத்பீஸில் அதிரும் நாணல் தகட்டை) மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வலது கை மோதிர விரலை.

ஒரே பாட்டில் வாத்தியம் மாற்றும்போது சுருதிக் கணக்கும் மாறும். பாடகர் 1 கட்டை என்றால் அதே ஸ-வுக்குப் பிடிக்க வேண்டிய ஸ்வரம் ஆல்டோவில் ஏ, கிளாரினெட்டிலும் டெனரிலும் டி, ஃப்ளூட்டில் சி. இதை நொடேஷன் தாளின் தலையில் பெரிதாக எழுதிவையுங்கள்.

சாதகத்தில் ஃப்ளூட், கிளாரினெட், ஆல்டோ என்பதே சரியான வரிசை. ரீடு வாத்தியம் வாசித்து மரத்த உதட்டால் ஃப்ளூட்டில் காற்றைக் குவிக்க முடியாது. அரை மணி நேரம்தான் கிடைத்ததென்றால் அன்றைக்கு ஆல்டோ மட்டும்.

இனி சென்னை வெயிலும் ஏசியும். ஸ்டூடியோக் குளிரில் வாத்தியம் சூடேறும்வரை சுருதி இறங்கியே இருக்கும். மே மாதக் கல்யாண மண்டபத்தில் ஏறிவிடும். கீபோர்டு 440 ஹெர்ட்ஸ் சுருதியிலிருந்து அசையாது, நாம்தான் மவுத்பீஸை வெளியே இழுக்க வேண்டும். மவுத்பீஸ் மாட்டும் நெக் கார்க்கில் இரண்டு நிலைக்கும் பென்சிலால் கோடு போட்டுவைத்தால் மேடையில் தடுமாற வேண்டாம். வாத்தியம் கூடக்கூட, ஸ்டாண்டில் காத்திருக்கும் ரீடு காய்ந்து நுனி அலை அலையாக நெளியும். கேப் போடாமல் வைக்கக் கூடாது. ரீடுச் செலவும் தனித்தனிதான், ஆல்டோ ரீடு டெனருக்கு ஆகாது.

மழைக்காலத்தில் சாக்ஸின் ஜி ஷார்ப் பேட் ஒட்டிக்கொள்ளும். இடது சுண்டு விரல் அழுத்தினாலும் கீ எழும்பாது, ஏனென்றால் அதைத் தூக்குவது ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே. சிகரெட் பேப்பரைப் பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தி, ஈரம் ஒற்றியதும் கீயைத் திறந்து காகிதத்தை எடுங்கள். அழுத்தியபடியே இழுத்தால் பேடின் தோல் கிழியும். பவுடர் போடவே கூடாது. ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும்.

மரக் கிளாரினெட்டை ஏசிக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றி எடுத்துப் போனால் விரிசல் விடும். வெளிக் கச்சேரிக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடல் போதும்.