பச்சோந்திக்கு கிரீன்ஹவுஸ்: கண்ணாடியா, பாலிகார்பனேட்டா? ஜோபர்க் நிலவரம்

நான் 10 மில்லிமீட்டர் ட்வின்வால் பாலிகார்பனேட் (நடுவுல காத்து இடைவெளி விட்ட ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக் ஷீட்) போட்டவன், அதனால இத நடுநிலையான அலசல்னு நினைச்சு படிக்காதீங்க. தென்னாப்பிரிக்காவுல, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கத்துல மிட்ராண்ட்ல வீடு, பின்பக்கம் கொஞ்சம் இடம், அதுல கிரீன்ஹவுஸ், உள்ள ஒரு ஆண் பேந்தர் பச்சோந்தி. அம்மா ஊர்லேர்ந்து வீடியோ கால்ல பாத்துட்டு "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு"ன்னாங்க, ஜூலை மாச (இங்க அதான் குளிர்காலம்) கரண்ட் பில்ல பாத்தா அவங்க சொன்னதுல தப்பே இல்ல.

பேந்தர் மடகாஸ்கர்காரன். பகல்ல 25லேர்ந்து 29 டிகிரி, வெயில் காயிற கிளைல 30, 32, ராத்திரி 18, 20க்கு இறங்கினா அவனுக்கு நல்லதுதான். ஈரப்பதம் ராத்திரில 80 சதவீதத்துக்கு மேல, பகல்ல இலையெல்லாம் காஞ்சிரணும். ஜோபர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உசரத்துல இருக்கு, ஜூலை ராத்திரி சராசரியே 4 டிகிரி, புல்லு மேல வெள்ளையா உறைபனி, காத்து உதடு வெடிக்கிற அளவுக்கு காய்ஞ்சு கிடக்கும். டர்பன்ல இருக்கற ஒரு அண்ணன் கிட்ட இதச் சொன்னா "தம்பி, எனக்கு எதுக்குடா கண்ணாடியும் மண்ணாங்கட்டியும், ஷேட் நெட் கூண்டே போதும்"ங்கறாரு. அவரு சொல்றது அவரு ஊருக்கு சரி, கடலோரம் ஜூலைலயே ராத்திரி 11, 12க்கு கீழ அதிகம் போகாது, காத்துலயும் ஈரம் இருக்கு. இங்க மேல அது நடக்காது.

கண்ணாடியோட நல்லதையும் சொல்லிடறேன். பளிச்னு இருக்கும், கீறல் விழாது, வருஷக்கணக்கா மஞ்சளாகாது, செகண்ட் ஹேண்ட்ல அலுமினிய ஃப்ரேமோட மலிவா கிடைக்கும், திரும்ப விக்கறதும் சுலபம். நிறைய பேர் "கண்ணாடின்னா வெயில் அப்படியே உள்ள வருமே, யூவிபி (வெயில்ல இருக்கற, பச்சோந்திக்கு வேண்டிய புற ஊதாக் கதிர்) லைட் வேண்டாமே"ன்னு அதுக்குப் போறாங்க, அது வீண் நம்பிக்கை. கண்ணாடியும் யூவிபிய கிட்டத்தட்ட முழுசா தடுத்துரும், பாலிகார்பனேட்டும் தடுத்துரும். எதப் போட்டாலும் டி5ங்கற ஒல்லி ரக யூவிபி டியூப் வேணும், ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், வெயில் காயிற கிளைல யூவி இண்டெக்ஸ் (யூவி எவ்வளவு பலமா இருக்குங்கற அளவு) 3 கிட்ட வர்ற மாதிரி உசரம் பாத்து மாட்டணும். நான் வடக்குப் பக்கம் ஒரு பேனல கழட்டி மாட்டற மாதிரி கம்பி வலையா வச்சிருக்கேன், கழட்டினா வெயில் நேரா படும். வடக்குன்னு அழுத்திச் சொல்றேன், ஊர்லேர்ந்து வந்தவங்க பழக்கத்துல தெற்கப் பாத்து வச்சிருவாங்க, இங்க குளிர்காலச் சூரியன் வடக்குலதான் சாஞ்சு போகும்.

ஆலங்கட்டி மழை பத்தி நீட்டி முழக்க வேண்டாம். ஹைவெல்ட்ல (ஜோபர்க் இருக்கற மேட்டு நிலம்) ஒரு கோடை இருந்தவங்களுக்கு கார் பானெட்டப் பாத்தாலே புரியும். கண்ணாடி உடைஞ்சா செலவு ஒரு பக்கம், சில்லு நேரா கூண்டு மேல விழும்.

சூடு கணக்கு பாத்துருவோம். 2.4க்கு 1.8 மீட்டர் கிரீன்ஹவுஸ்னா சுவர், கூரை சேர்த்து சுமாரா 20 சதுர மீட்டர். சாதாரண ஒத்தக் கண்ணாடியோட யூ வேல்யூ (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு சதுர மீட்டருக்கு எத்தன வாட் சூடு வெளிய போகும்ங்கற கணக்கு) 5.8, 10 மில்லி ட்வின்வாலுக்கு 3 சொச்சம். வெளிய 2 டிகிரி, உள்ள 17 வேணும்னா கண்ணாடி வழியா 1,700 வாட்டுக்கு மேல ஓடிப்போகும், ட்வின்வால்ல 900 சொச்சம். 10 மணி நேரம் அப்படி இருந்தா 8 யூனிட் வித்தியாசம், யூனிட் மூணு ராண்ட்னு வச்சுக்கிட்டா ஒரு ராத்திரிக்கு 24 ராண்ட். ராத்திரி முழுக்க 2 டிகிரியே இருக்காது, ஆனா குளிர்காலம் மூணு மாசம் ஓடுதுல்ல.

எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது இந்த பில் விஷயம் கூட இல்ல. கரண்ட் போனா என்ன ஆகும்ங்கறதுதான். 2022, 2023ல ஸ்டேஜ் 6 வரைக்கும் லோட்ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்தறது, ஸ்டேஜ் ஏற ஏற நேரம் கூடும்) பாத்தவங்க நாம, இப்ப அது அடங்கிட்டாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கறதுன்னு ஏதாவது ஒண்ணு வந்துட்டுதான் இருக்கு. எல்லாரும் குளிர் ராத்திரியதான் நினைச்சு பயப்படறாங்க. நல்லா இருக்கற பெரிய பேந்தர் ஒரு ராத்திரி 13, 14 வரைக்கும் இறங்கினா தாங்கிடும். ஆளக் கொல்றது ஜனவரி மத்தியானம். ஃபேன் நின்னுட்டா மூடின கிரீன்ஹவுஸ் கொஞ்ச நேரத்துலயே 40 தாண்டும், பச்சோந்தி நிறம் வெளிறி வாயப் பொளந்துட்டு நிக்கும், நீங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பீங்க.

அதுக்கு கரண்டே வேணாத ஒரு சாமான் இருக்கு, மெழுகு சிலிண்டர் வச்ச ஆட்டோ வென்ட் ஓப்பனர். சூட்டுல உள்ள இருக்கற மெழுகு விரிஞ்சு தண்ட தள்ளும், கூரை ஜன்னல் தானா தூக்கிக்கும், ஆறினா ஸ்பிரிங் மூடிரும். இங்கதான் கண்ணாடி தோக்குது. தரையோட பரப்புல அஞ்சுல ஒரு பங்காவது கூரையில திறக்கணும்பாங்க, என் கிரீன்ஹவுஸுக்கு அது 0.86 சதுர மீட்டர். சாதாரண சிலிண்டர் 7 கிலோ வரைக்கும்தான் தூக்கும். 4 மில்லி கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, ஒரு மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் ஜன்னல்னா கண்ணாடி மட்டுமே 6 கிலோ, ஃப்ரேம சேத்தா சிலிண்டர் திணறும். அதே அளவு ட்வின்வால் ஒரு கிலோ சொச்சம்தான். அதனால கண்ணாடி வீட்டுல சின்ன ஜன்னலா ஒண்ணு ரெண்டு வச்சு ஃபேன நம்பிட்டு இருக்கணும், ட்வின்வால்ல பெரிய ஜன்னலா ரெண்டு வச்சுட்டு ஃபேன எக்ஸ்ட்ராவா நினைச்சுக்கலாம். ஒரு குறை உண்டு, இடிமழைக்கு முன்னாடி அடிக்கற காத்துல லேசான ஜன்னல் படார்னு தூக்கி வளைஞ்சிரும், சங்கிலி போட்டே ஆகணும். மெழுகும் சட்டுனு வேலை செய்யாது, பத்து பதினஞ்சு நிமிஷம் எடுக்கும், அதனால கோடையில மேல வெளிப்பக்கமா ஷேட் நெட் கண்டிப்பா வேணும். ஜன்னலுக்கு அடியில வலையும் அடிச்சிருங்க, இல்லன்னா இவன் மாடி ஏறி உலகம் சுத்தக் கிளம்பிருவான்.

ஹீட்டர இன்வெர்ட்டர்ல போடாதீங்க, பேட்டரி உறிஞ்சிரும். ஃபேன், தண்ணி தூவற மிஸ்டிங் பம்ப் மட்டும் போதும். ராத்திரி காப்புக்கு கறுப்பு பெயின்ட் அடிச்ச 200 லிட்டர் தண்ணி டிரம் ஒண்ணு வச்சிருக்கேன், 10 டிகிரி ஆறும்போது 2.3 யூனிட் சூடு தரும், சும்மா. பாரஃபின் ஹீட்டர் மூடின இடத்துல வேண்டவே வேண்டாம், புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் நாமளே தாங்க மாட்டோம்.

ட்வின்வால்ல எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் எறும்பு. ஷீட்டோட ஓட்டை முனைய டேப் போட்டு மூடலன்னா உள்ள குழாய் குழாயா இருக்கறதுல குடி வந்துரும், வெளிச்சத்துல பாத்தா கண்ணுக்கு நேரா கிரிக்கெட் பூச்சியோட கால ஒண்ணு பின்னால ஒண்ணா தூக்கிட்டு ஊர்வலம் போகும், கை விட்டு எடுக்கவும் முடியாது, மருந்தும் அடிக்க முடியாது. மேல முனைக்கு அலுமினிய டேப், கீழ காத்து போற டேப். மஞ்சளாகறது பத்தி விக்கறவங்க பத்து வருஷம் கேரண்டிங்கறாங்க, என்னுது இன்னும் புதுசு, அதப் பத்தி எனக்கு சொல்ல அனுபவம் இல்ல. யூவி பூச்சு இருக்கற பக்கம் வெளிய வரணும், பிளாஸ்டிக் கவர்ல எழுதியிருக்கும், அதக் கிழிக்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

ஷீட் மாட்ட வர்றவங்க கிட்ட உள்ள என்ன இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஜூலு மக்கள்ட்ட ஒரு பழைய கதை உண்டு, மனுசனுக்கு சாவு இல்லைங்கற சேதிய கொண்டு போகச் சொன்னா பச்சோந்தி வழியில அசமந்தமா நின்னுருச்சாம், பின்னாடி வந்த பல்லி சாவு சேதியோட முந்திருச்சாம். அதனால சில பேருக்கு இதப் பாத்தாலே ஆகாது, கூண்ட வேற ரூமுக்கு மாத்திட்டா அவங்களுக்கும் நிம்மதி.

வீட்டுக்குள்ளயே ஒரு ரூம்ல வலைக் கூண்டு வச்சுக்கறது மூணாவது வழி, ஒரே ஒரு பச்சோந்தின்னா அதுவே மலிவு, சுவர்ல பூஞ்சை வர்றதுதான் தொல்லை. ரெண்டு ஆண் வச்சிருந்தா எங்க வச்சாலும் ஒண்ண ஒண்ணு பாக்காத மாதிரி தனித்தனிக் கூண்டுதான். ஜாக்சன் பச்சோந்தி மாதிரி குளிர் மலைக்காரங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அவங்களுக்கு சூடு போடறத விட கோடைய குளுமையா வைக்கறதுதான் பாடு. இன்னொண்ணு, தோட்டத்துல திரியற உள்ளூர் பச்சோந்திய பெர்மிட் இல்லாம பிடிச்சு உள்ள விட்டுராதீங்க, வெளிநாட்டு வகைக்கும் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுது, ஷீட்டுக்கு ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி அதக் கேட்டுக்கோங்க.