லீசிங் ஓடுகிற காரைக் கைமாற்றில் எடுக்கப் போகிறவர்கள் இதை வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் பழைய கார் ஒன்று எடுக்க யோசித்துக்கொண்டு, கிரிப், அதாவது கடன் கட்டின விபரம் சொல்கிற அறிக்கை, பழுதாகிக் கிடப்பதால் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற அண்ணாமார், தம்பிமார், அக்காமார் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். "லீசிங் ஓடுற கார் ஒண்டு நிக்குது. கையில கொஞ்சக் காசைக் குடுத்திட்டு மிச்சத் தவணையை நீங்கள் கட்டிக்கொண்டு போகலாம். கிரிப் ஒண்டும் பார்க்க மாட்டினம்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எனக்கு நடந்தது இதுதான்.

எங்களுக்கு விசுவமடுப் பக்கம் வயல். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரம் ஒன்றும் இருந்தது. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், அந்தக் காலபோகம் விளைச்சல் விழுந்தது. 2022இல் டீசல் இல்லை, கிடைத்தாலும் விலை கட்டவில்லை. மெசின் வீட்டு முற்றத்தில் நின்றது, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வன்னியில் அந்தக் காலத்தில் தவணை பிந்தாத வீடு குறைவு என்பது உங்களுக்கும் தெரியும். எப்படியோ நகையை அடகு வைத்து, 2024 அறுவடைக் காசையும் போட்டு, முழுக் கடனையும் கட்டி முடித்தேன். கடன் தீர்ந்த கடிதமும் கையில் இருக்கிறது.

அப்புறம்தான் காரின் தேவை வந்தது. அம்மாவுக்கு கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிளினிக். ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு போய் வர அவவால் முடியவில்லை. மற்ற நாட்களில் கயருக்கும் ஓடலாம் என்ற எண்ணமும் இருந்தது. வங்கியில் போய்க் கேட்டேன். முகாமையாளர் நல்ல மனிதர், மழுப்பாமல் சொன்னார்: "தம்பி, கடன் முடிஞ்சது சரி. ஆனா பிந்திக் கட்டின மாதங்கள் அறிக்கையில இன்னும் தெரியுது. கொஞ்ச நாள் போகட்டும். அதுக்குள்ள சின்னதா ஒரு கடன் எடுத்து ஒழுங்காக் கட்டிக் காட்டுங்கோ. பிறகு வாங்கோ." எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் உருப்படியானது அதுதான். ஆனால் அம்மாவின் கிளினிக் கொஞ்ச நாள் காத்திருக்காதே.

இந்த இடத்தில்தான் தரகர் வந்தார். வவுனியாவில் வாகனம் வாங்கி விற்கிற இடம் ஒன்றில் இருப்பவர். ஊர்க்காரர் ஒருவர் மூலம் என் இலக்கம் அவருக்குப் போயிருந்தது. வங்கி மறுத்த கதையும் போயிருந்தது. முதல் பேச்சிலேயே என் பயத்தைத் தொட்டார். "வாகன இறக்குமதி 2020இல நிப்பாட்டினது. திறந்தாலும் வரியோட சேர்த்துப் பார்த்தா விலை இறங்காது, ஏறத்தான் செய்யும். உங்கட கிரிப்புக்கு ஒருத்தரும் தராயினம். என்னட்ட மல்லாவிக்காரர் ஒராளின்ர ஆல்டோ நிக்குது. எட்டரை இலட்சம் கையில தாங்கோ, மாதம் நாற்பத்தாறாயிரம். இண்டைக்கே கொண்டு போகலாம்."

கார் நல்ல கார். எஞ்சினில் குறை இல்லை. அதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி மோசடியில் வாகனத்தை மெக்கானிக்கிடம் காட்டிப் பிரயோசனமில்லை. பழுது கடதாசியில் இருக்கிறது.

முத்திரை ஒட்டின ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். மல்லாவிக்காரர் கையெழுத்து, என் கையெழுத்து, சாட்சிக்கு இரண்டு பேர். லீசிங் கொம்பனி அதில் எங்குமே இல்லை. தவணையை என்னிடம் தாருங்கள், நான் கொம்பனியில் கட்டிவிடுகிறேன், நீங்கள் நேரில் போனால் கார் கைமாறியிருப்பது தெரிந்து பிரச்சினை வரும் என்றார் தரகர். மாதா மாதம் பற்றுச்சீட்டுத் தந்தார். அந்தச் சீட்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள், உங்களிடமும் இதே மாதிரி இருக்கலாம்: கடையில் வாங்குகிற சின்னப் பற்றுச்சீட்டுப் புத்தகம், நீலக் காபன் பதிந்த இரண்டாம் தாள், 'கார் தவணை' என்ற இரண்டு சொல், தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஒப்பந்த இலக்கம் இல்லை. வாகன இலக்கம் இல்லை. கொம்பனியின் பெயர் இல்லை.

ஒரு நாள் மாங்குளத்தில் பெற்றோல் செற்றில் நிற்கும்போது, காரைப் பறிக்க லீசிங் கொம்பனியின் ஆட்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், பின்னால் ஒரு வான். வாகன இலக்கத்தைப் போனில் ஒத்துப் பார்த்தார்கள். அம்மா பின் சீற்றில், கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. நான் உடன்படிக்கையை எடுத்துக் காட்டினேன். அதில் ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணை, இந்தக் கடதாசியால எங்களுக்கு வேலை இல்லை. எங்கட புத்தகத்தில உங்கட பேர் இல்லை. அம்மாவை இறக்கி சாமான்களை எடுங்கோ." அறிவித்தல்கள் எல்லாம் மல்லாவி முகவரிக்குப் போயிருந்தன. எனக்கு ஒன்றும் வரவில்லை, வர வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. தார் வெயிலில் அம்மாவை பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

கொம்பனிக் கிளையில் விசாரித்தபோதுதான் முழுக் கதையும் வெளித்தது. நான் கொடுத்த தவணைகளில் முதல் சிலது மட்டும் கட்டுப்பட்டிருக்கிறது. மிச்சம் தரகரின் பையில். கார் ஏலத்தில் போனது. மல்லாவிக்காரரைத் தேடிப் போனேன், சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான். அவரும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். தவணை கட்ட முடியாமல் காரைத் தரகரிடம் விட்டவர், என்னுடைய எட்டரை இலட்சத்தில் இரண்டு இலட்சம் மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஏலத்தில் போனது போக மீதிக் கடன் இப்போது அவர் தலையில், அவருடைய பிணையாளிகள் தலையில். ஒரே காரை வைத்து இரண்டு குடும்பத்தை விழுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அங்கேதான் விளங்கியது, இதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அந்த லீசிங் 2023 தொடக்கத்தில் போட்டது. மத்திய வங்கி 2022 ஏப்பிரலில் கொள்கை வட்டியை, அதாவது மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான தன் வட்டியை, ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. 2023 மார்ச்சில், மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி 16.5 வீதத்தில் நின்றது. அந்தக் காலத்தில் எழுதின லீசிங்குகள் எல்லாம் உச்ச வட்டியில் எழுதினவை. 2023 யூனில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கி, 2024 நவம்பரில் கொள்கை வீதம் 8 ஆகிவிட்டது. நான் கைமாற்றில் எடுத்த நேரத்தில் புதிதாக ஒருவர் லீசிங் போட்டிருந்தால் மிகக் குறைவான வட்டி. அதாவது என்னிடம் தள்ளியது காரை அல்ல, இன்னொருவரால் தாங்க முடியாமல் போன வட்டியை. கைமாற்றுக்கு வருகிற வாகனங்களில் கணிசமானவை இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நல்ல வட்டியில் ஓடுகிற லீசிங்கை யார் கைவிடுவார்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி, லீசிங் முடியும்வரை வாகனம் கொம்பனியின் சொத்து. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கொம்பனியின் பெயர் பதிந்திருக்கும். ஓடுகிறவர் பதிவு உரிமையாளர் மட்டும்தான். கொம்பனியின் சம்மதம் இல்லாமல் அவர் உங்களுக்கு எழுதித் தருகிற எந்தக் கடதாசியாலும் அந்தக் கார் உங்களுடையது ஆகாது. வாகன இலக்கத்தை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் முழு உரிமையாளர் யாரென்று பார்க்கலாம். காசு எண்ணுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

கிரிப்பைத் திருத்த நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. இன்னொருவர் பெயரில் ஓடுகிற கடனுக்கு நீங்கள் எத்தனை மாதம் பிந்தாமல் கட்டினாலும் உங்கள் அறிக்கையில் ஒரு வரியும் ஏறாது. தரகர் உண்மையிலேயே ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் நல்ல பெயர் மல்லாவிக்காரருக்குத்தான் போயிருக்கும். நான் கட்டி முடித்த அன்றும் வங்கி என்னைப் பழைய ஆளாகத்தான் பார்த்திருக்கும்.

கிரிப் பற்றி ஊரில் நிறையப் பிழையான கதை உலாவுகிறது. அது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கொடுகடன் தகவல் பணியகம். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே இல்லை. வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் அனுப்புகிற விபரத்தைத் தொகுத்து வைக்கிறது, அவ்வளவுதான். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது கடன் தருகிற இடம். உங்கள் அறிக்கையை நீங்களே வங்கி மூலமோ இணையத்திலோ சிறு கட்டணம் கட்டி எடுக்கலாம். எடுத்துப் பாருங்கள். நீங்கள் பிணை நின்ற கடன்களும் அதில் இருக்கும். யார் யார் உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்பதும் இருக்கும், ஆகவே ஒரே கிழமையில் நாலைந்து கொம்பனிகளில் விண்ணப்பம் போட்டு அலையாதீர்கள்.

எங்கள் ஊர் அக்கா ஒருவரிடம் இதே தரகர் கிரிப்பை அழித்துத் தருவதாக இருபத்தையாயிரம் வாங்கியிருக்கிறார். அவ போருக்குப் பிறகு குழுக் கடன் எடுத்தவ. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததை அவவுக்கு நினைவுபடுத்தி, அதே மாதிரி உள்ளுக்கு ஆள் பிடித்து அழிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். முழுப் பொய். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்த அந்த விபரத்தை அனுப்பின கொம்பனியிடமோ பணியகத்திடமோ எழுத்தில் கேட்க வேண்டும், அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால் கடன் தீர்ந்த கடிதத்தின் பிரதியோடு போங்கள்.

அப்படியென்றால் எப்போது எடுப்பது? என்னுடைய இப்போதைய கணக்கு இது. பழைய நிலுவை எல்லாம் முடிந்து, அறிக்கையில் முடிந்தது என்று வந்த பிறகு. அதற்கு மேல், உங்கள் சொந்தப் பெயரில் சின்னக் கடன் ஒன்றைப் பிந்தாமல் கட்டிக் காட்டிய பிறகு. நிலையான வைப்பை ஈடு வைத்து வங்கியில் எடுக்கிற கடன் இதற்கு நல்லது. ஊர்ச் சிக்கனக் கடனுதவுச் சங்கத்தில் எடுக்கிறதும் நல்ல கடன்தான், ஆனால் அது கிரிப் அறிக்கையில் ஏறுமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வயலை நம்பி இருக்கிறவர்கள் காலபோக அறுவடைக் காசு கையில் இருக்கும்போது முற்பணத்தைக் கூடப் போட்டுத் தவணையைக் குறைத்து எடுப்பது புத்தி. காருக்கு மாதத் தவணைதான், போகத்துக்குப் போகம் காத்திருக்க மாட்டார்கள். நெல்லுக்கு விலை விழுந்த வருடத்திலும் கட்டக்கூடிய தொகையா என்று பாருங்கள்.

வட்டியைக் கேட்கும்போது இன்னொரு விசயம். "பதினாலு வீதம்தான்" என்பார்கள். அது முழு முதலுக்கும் கடைசி மாதம்வரை போடுகிற நேர்வட்டியா, குறைந்து வருகிற மீதிக்கா என்று கேளுங்கள். பத்து இலட்சத்துக்கு 14 வீத நேர்வட்டியில் 4 வருடம் என்றால் வட்டி மட்டும் 5 இலட்சத்து 60 ஆயிரம், மாதம் 32,500. குறைந்து வருகிற மீதிக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய 24 வீதம். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

லீசிங் ஓடுகிற வாகனம்தான் பிடித்திருக்கிறதென்றால் நேர்வழி உண்டு. விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு கொம்பனிக்கே போங்கள். முழுத் தொகையையும் அவர்களிடம் நேரே கட்டி விடுவித்து எடுக்கலாம், அல்லது உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போடச் சொல்லிக் கேட்கலாம். கொம்பனிக்குப் போக வேண்டாம் என்று தரகர் தடுத்தால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

நான் பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். முதலில் இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். மல்லாவிக்காரரும் வந்து தன் பக்கத்தைச் சொன்ன பிறகுதான் மோசடி என்று எழுதினார்கள். ஆட்கள் சேர்ந்து போனால் எடுபடுகிறது. வழக்குக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். தரகர் அல்லாமல், பதிவு பெற்ற கொம்பனியே அநியாயம் செய்தால் முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வவுனியாவில் இதே மாதிரி நீலக் காபன் சீட்டுக்குத் தவணை கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் அடுத்த தவணையைக் கொடுக்க முன்னம் வாகனப் புத்தகத்தில் உள்ள கொம்பனிக்கு விற்றவரோடு போய், கட்டுப்பட்ட தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பழைய சீட்டுகளை எறியாதீர்கள், ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். பொலிஸில் எங்கள் முறைப்பாட்டோடு உங்களுடையதையும் சேர்க்க விருப்பமென்றால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், நானும் மல்லாவி அண்ணையும் கூட வருவோம்.