யூனிட்டி பிளாசா கேசிங்கும் தராசு வயரும்

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் வாங்கிய இரண்டு சாமான்களைப் பற்றியது இது. ஒன்று, 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி 3 வழியாக இணைக்கும் கேசிங். மற்றது, யூஎஸ்பியைச் சீரியலாக, அதாவது தராசு போன்ற கருவிகள் பேசும் பழைய வகை இணைப்பாக, மாற்றும் வயர். வயர் அருமை. முதலில் தந்த கேசிங் எங்கள் வேலைக்கு உதவாது. ஆனால் அதைத் தர்க்கம் பண்ணாமல் மாற்றித் தந்த கடை நல்ல கடை.

எந்த வேலைக்கு வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். படம் சேர்த்து வைக்க கேசிங் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் குறை எதுவுமே தட்டுப்படாது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்கு நான் கணினி பார்க்கிறேன். அங்கே எல்லாம் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடுகிறது. தராசு சீரியல் வழியாக நிறையை அனுப்பும், கணினி பில் போடும், இரவில் கணக்கு முழுவதும் வெளி டிஸ்க்குக்குப் போகும். கேர்னல் என்ற அதன் மையப் பகுதியில், டிஸ்க்கோடு பேசும் டிரைவர் நிரலிலும் சீரியல் போன்ற முனைகளைக் கையாளும் டேர்மினல் டிரைவர் நிரலிலும் எங்கள் தேவைக்கென்று சில மாற்றங்கள் வைத்திருக்கிறோம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவற்றைப் பிரித்துத் திரும்பப் பொருத்துவது என் பாடு.

கடை முதலாளிக்கு டிரைவர் என்றால் லொறி ஓட்டுகிறவர்தான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை அவர் மறக்கவில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "தம்பி, லைட் போனாலும் கணக்கு போகக்கூடாது."

அந்த ஒரு வரிக்குள் டிஸ்க் டிரைவரின் பாதி வேலை அடங்கிவிடுகிறது. நீங்கள் எழுதச் சொன்னதை டிஸ்க் உடனே தட்டில் எழுதுவதில்லை. தன் உள்நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்கிறது. உண்மையிலேயே தட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் டிரைவர் தனியாக ஃப்ளஷ் கட்டளை அனுப்ப வேண்டும். யூஎஸ்பி கேசிங் என்றால் அந்தக் கட்டளை கேசிங்கின் உள்ளே யூஎஸ்பிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் பிரிட்ஜ் சிப்பைத் தாண்டித்தான் டிஸ்க்கை அடையும். முதல் கேசிங்கில் சிக்கியது அங்கேதான். ஃப்ளஷ் போனதும் அது வாயை மூடிக்கொண்டது. டிரைவர் 60 வினாடி காத்திருந்தது. அப்புறம் ரீசெட். டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வந்தது. கணினியை நிறுத்தும்போதும் இதே கூத்து.

இப்படிப்பட்ட சாமான்களுக்காகவே ஃப்ரீபிஎஸ்டியில் குவர்க் பட்டியல் இருக்கிறது. இன்ன நிறுவனம், இன்ன மொடல், இதற்கு இந்தக் கட்டளையை அனுப்பாதே என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். யூஎஸ்பி டிஸ்க்குகளையும் கையாளும் ஸ்கஸி டிஸ்க் டிரைவரின் மூலநிரலைத் திறந்தால் மேலேயே நீளமாகக் கிடக்கும், பல வரிகளுக்கு மேலே முறைப்பாட்டு எண்ணோடு. கேசிங் வாங்கும் முன் நான் படிக்கும் மதிப்பீடு அதுதான். அதில் நட்சத்திரம் இல்லை, விளம்பரம் இல்லை. யாரோ ஒருவர் இராப்பகலாக மண்டையை உடைத்து எழுதிய ஒரு வரி இருக்கும். நான் வாங்கிய கேசிங்கின் பெயர் அதில் இல்லை என்பதால் வாங்கினேன். இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் மாட்டவில்லை என்றும் இருக்கலாம்.

யூஎஸ்பி சாமான்களுக்குக் கேர்னலைத் திரும்பக் கட்டாமலே, ஓடும் கணினியில் யூஎஸ்பிகொன்ஃபிக் கட்டளையால் குவர்க் சேர்க்கலாம். 'ஃப்ளஷ் அனுப்பாதே' என்று சேர்த்தேன். தொங்குவது நின்றது. பலர் இதோடு 'தீர்ந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். குவர்க் போட்ட பிறகு ஃப்ளஷ் கேசிங்குக்குப் போவதே இல்லை. யூஎஸ்பி டிரைவரே இடையில் நின்று 'ஆச்சு' என்று மேலே சொல்லிவிடுகிறது. கோப்பு முறைமை அதை நம்புகிறது, டேட்டாபேஸ் கோப்பு முறைமையை நம்புகிறது, முதலாளி என்னை நம்புகிறார். கரண்ட் போகும் வரை எல்லாம் சரி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுற்றும். ஒரே இடத்தில் 4096 பைட்டை எழுதி, ஒவ்வொரு முறை எழுதிய பின்னும் ஃப்ளஷ் கேட்டால், தட்டு ஒரு சுற்று சுற்றி அதே இடம் தலைக்குக் கீழே வந்தால்தான் அடுத்ததை எழுத முடியும். ஆக வினாடிக்கு 120க்கு மேல் வரவே முடியாது. சின்னதாக ஒரு சி நிரல் எழுதி, காலி டிஸ்க் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். குவர்க்கோடு ஆயிரக்கணக்கில் வந்தது. இரும்பு அவ்வளவு வேகமாகச் சுற்றாது. டிஸ்க்கின் உள்நினைவகத்தையே அணைத்துவிடலாம் என்று மோட் பக்கத்தை, அதாவது டிஸ்க்கின் அமைப்புகள் இருக்கும் இடத்தை, மாற்றவும் பார்த்தேன், இந்த பிரிட்ஜ் அதையும் உள்ளே விடவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பையன், "விண்டோஸ்ல போட்டுப் பாருங்க அண்ணா, பிரச்சினை வராது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை, கொப்பி பண்ணினால் ஒரு பிரச்சினையும் வராது. என் மடிக்கணினியைக் கவுண்டரிலேயே விரித்து நிரலை ஓட்டிக் காட்டினேன். பிறகு அவனிடமிருந்த வேறு கேசிங்குகளையும் அதே டிஸ்க்கோடு ஒவ்வொன்றாகப் போட விட்டான். வேறு கடையில் பெட்டியைத் திறக்கவே விட மாட்டார்கள். ஒன்றில் எண் நூறை ஒட்டி வந்து அங்கேயே நின்றது. "இதுதான் வேணும்" என்றேன்.

"மெதுவா ஓடுறதையா அண்ணா இவ்வளவு நேரம் தேடினீங்க?"

ஆமாம் தம்பி. 1,500 ரூபாய் கூடக் கொடுத்து.

புதிய கேசிங்கில் இன்னொரு விசயமும் பார்த்தேன். சில கேசிங்குகள் பெரிய டிஸ்க்கின் செக்டரை, அதாவது எழுதும் மிகச் சிறிய துண்டை, 512 பைட் என்று காட்டாமல் 4096 பைட் என்று கணினிக்குச் சொல்லும். டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான், 512ஆல் பெருக்கினால் 2 டெராபைட் சொச்சத்தைத் தாண்ட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்த வேலியைத் தாண்டக் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கணினிக்குள்ளே இருக்கும் சாட்டா இணைப்பில் மாட்டினால் பார்ட்டிஷன் ஒன்றும் தெரியாது, டிஸ்க் வெறுமையாக இருப்பது போல நிற்கும். கேசிங் பழுதான அன்றைக்குத்தான் பலருக்கு இது தெரியவரும். இந்தக் கேசிங் 512 என்றே சொல்கிறது. நல்லது.

வயர் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை, அது ஒழுங்காக வேலை செய்வதால். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ளது. மலிவான வயர்களில் அந்தப் பெயரைப் போட்டுப் போலிச் சிப் வரும். 2014இல் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் போலிகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணை அழித்துச் செயலிழக்க வைத்ததும், பெரிய சத்தம் எழுந்ததும் நடந்த கதை. வாங்கியவர் என்ன பாவம் செய்தார்? ஆனாலும் போலி எதற்கு, கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதை வாங்குங்கள்.

தராசு பேசுவது வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் என்று வினாடிக்கு 960 எழுத்து. வயருக்கு இது ஒன்றுமேயில்லை. பழைய கணினிகளின் சீரியல் முனையில் இருந்த 16550 சிப்பில் 16 பைட் இடம்தான். 115200 வேகத்தில் ஒன்றரை மில்லிவினாடிக்குள் நிரம்பிவிடும், கேர்னல் வந்து அள்ளப் பிந்தினால் 'சைலோ ஓவர்ஃப்ளோ' (இடம் நிரம்பி வழிகிறது) என்று திரை முழுக்கக் கத்தும். அந்தத் தொல்லை இதில் இல்லை. ஒரே ஒரு குணம்: சில பைட்டுகள் மட்டும் வந்தால் எஃப்டிடிஐ சிப் வழக்கமாக 16 மில்லிவினாடி வரை பிடித்து வைத்துத்தான் அனுப்பும். தராசுக்குப் பரவாயில்லை. வேகமாகக் கேள்வி பதில் பேசும் கருவி என்றால் டிரைவரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம், ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கு வசதி இருக்கிறது.

இதே வயரை வாங்கித் தராசில் மாட்டுகிறவர்கள் 'போர்ட் திறக்கவில்லை' என்று வயரைத் திட்ட வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி ஒரே முனைக்கு டிடிஒய் என்றும் குவா என்றும் இரண்டு பெயர் தரும். டிடிஒய்யைத் திறந்தால் எதிர்முனை தயார் என்று சொல்லும் கேரியர் சமிக்ஞை வரும் வரை காத்துக்கொண்டே இருக்கும், மூன்று கம்பி மட்டும் உள்ள தராசு வயரில் அது வரவே வராது. குவாவைத் திறவுங்கள். எக்கோவை அணையுங்கள், இல்லாவிட்டால் தராசு சொன்னதையே கேர்னல் அதனிடம் திரும்பச் சொல்லும், சில தராசுகள் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். வரிக்கு வரி வெற்று வரி வந்தால் தராசு இரண்டு வரிமுடிவு எழுத்தையும் அனுப்புகிறது என்று பொருள், முதலாவதைப் புறக்கணிக்கச் சொல்லி முனையின் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் ஒரு கொடி போட்டால் முடிந்தது. இவை எதற்கும் டிரைவரைத் தொட வேண்டியதில்லை.

கடைக்கு ஒரு குறை. கேசிங்கின் 12 வோல்ட் அடாப்டர் தட்டையான இரு முனையோடு வருகிறது. நம் 13 அம்பியர் சுவர்த்துளையில் போட மாற்றி வேண்டும், அதைப் பெட்டியில் வைக்கவில்லை, நான் 250 ரூபாய்க்குத் தனியாக வாங்கினேன். அந்த மாற்றி இறுக்கமாக உட்காராததால் யூபிஎஸ் பலகையில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.