மதீனாவில் அரை நாள் கிடைத்தால்: தார் அல் மதீனாவா, ஹிஜாஸ் ரயில் நிலையமா?

முதல் தடவை போகிறவர்களுக்குத் தார் அல் மதீனா அருங்காட்சியகம்தான். அங்கே மாதிரி வடிவங்களே உயிர். பேரீச்ச மரத்தூண்களும் ஓலைக்கூரையுமாக இருந்த நபியவர்களின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவி, ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 7, 17, 29 என்று எப்படி விரிந்தது என்பதைக் கண்ணெதிரே காணலாம். மண் செங்கல் சுவர்களோடு நபியவர்களின் மனைவியர் வாழ்ந்த அறைகள் பள்ளிவாசலை ஒட்டி எவ்வளவு சிறியதாக நிற்கின்றன என்று பார்க்கும்போது மனம் கனத்துவிடும். வழிகாட்டி இல்லாமல் சுற்றினால் எல்லாம் வெறும் பொம்மைகளாகத்தான் தெரியும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்குபவர் எப்போது இருப்பார் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

ஹிஜாஸ் ரயில் நிலையம் வேறு ரகம். இங்கே பார்ப்பது அசல் கட்டடத்தையே. 1900இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தொடங்கிய பாதை, 1908இல் டமாஸ்கஸிலிருந்து ஏறத்தாழ 1,300 கி.மீ. கடந்து மதீனாவைத் தொட்டது. இந்திய முஸ்லிம்களும் இதற்கு நன்கொடை அனுப்பினார்கள். தண்டவாளத்தின் அகலத்தைக் கவனியுங்கள்: 105 செ.மீ.தான், நம்மூர் மீட்டர்கேஜைவிட 5 செ.மீ. கூடுதல். வளாகம் வெயிலில் கொதிக்கும். அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்த பிறகு போங்கள்.

டாக்ஸியில் வெறுமனே "ரயில் நிலையம்" என்றால் ஹரமைன் அதிவேக ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அது ஊரின் கிழக்கே. ஹிஜாஸ் நிலையம் இருக்கும் பகுதியின் பெயரான "அன்பரிய்யா" என்று சொல்லுங்கள். ஹரமிலிருந்து, அதாவது மஸ்ஜிதுன் நபவியிலிருந்து, நடந்தே போகும் தூரம்தான்.

இரண்டுக்குமே தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை காலையையும் தவிர்த்துவிடுங்கள்.